இளவயது மாரடைப்பின் பிற்காலம்: நற்பலன் கொள்கையின்மீது ஓர் ஆட்சேபம்

நாற்பத்தைந்து வயதுக்குட்பட்டவர்க்கு நேரும் மாரடைப்பு, வந்த வேகத்தில் அஞ்சத்தக்கதாயினும், அதனை உயிரோடு கடந்தவர்க்குப் பிற்காலத்தில் பெருங்கவலை தருவதன்று என்னும் அபிப்பிராயம் இருதய வைத்திய ஆராய்ச்சியில் நெடுங்காலமாக நிலைபெற்றிருக்கிறது. இளைஞனுடைய தமனிகளில் பெரும்பாலும் ஒன்றே பழுதுற்றிருக்கும். அவனுடைய இருதயத் தசை வலுவுள்ளது. முதியவரைப் பீடிக்கும் சிறுநீரகக் கேடும் ஏனைய வியாதிகளும் அவனிடத்தில் அரிது. ஆகையால் அடைப்பை நீக்கி ஸ்டென்ட் பொருத்தி வீட்டுக்கு அனுப்பிவிட்டால் அவன் ஏறக்குறையப் பழைய மனிதனே என்று இந்தப் பூர்வபக்ஷம் தன் நியாயத்தை அடுக்கிக் காட்டும். அடுக்கப்பட்ட பிரமாணங்களில் பொய்யானது ஒன்றுமில்லை. அவற்றிலிருந்து முடிவுக்குத் தாவுகிற இடத்திலேதான் எனக்கு ஆட்சேபம்; அந்தத் தாவலைப் பரிசோதிப்பதற்கு, 2019இல் பிரான்சு தேசத்து ழான்-பிலிப் கோலேயும் அவருடைய சகாக்களும் வெளியிட்ட ‘அஃபிஜி’ ஆராய்ச்சியைப்போல் தகுந்த ஆதாரம் எனக்குத் தெரிந்தவரையில் வேறில்லை. விந்தை என்னவெனில், நற்பலன் கொள்கையினரும் அதே ஆராய்ச்சியைத் தமக்குச் சாட்சியாக அழைக்க முடியும் என்பதே.

நாற்பத்தைந்து வயதுக்கு மேற்படாதவராய், இருதயத் தமனிகளில் அடைப்போடு வைத்தியத்துக்கு வந்த 880 பேரை அந்த ஆராய்ச்சி இருபதாண்டு எல்லைவரை தொடர்ந்து கவனித்தது. அவர்களுடைய சராசரி வயது 40, பெரும்பாலோர் ஆண்கள், புகைபிடிப்பவர்கள், 78.8 சதவீதத்தினர் மாரடைப்பின் காரணமாக வந்து சேர்ந்தவர்கள். எஞ்சியவர்கள் வேறு வகையில் வந்தவர்களாதலால், இதனை முற்றிலும் மாரடைப்பு ஆராய்ச்சி என்று கொள்வது சற்று மிகையாகும். அந்த அளவுக்கு என் வாதத்தையும் வாசகர் தளர்த்திக்கொள்ளலாம். இவர்களுள் 264 பேருக்கு மீண்டும் இருதயத்திலோ மூளையிலோ ரத்தவோட்டக் குறைவினால் கேடு நேர்ந்தது. மொத்த நிகழ்ச்சிகள் 399. ஒரு முறை மீண்டவர்களில் 36 சதவீதத்தினர் இரண்டாம் முறையும் அதற்கு ஆளாயினர். திரும்ப வந்த முதற் கேடு 131 பேருக்கு மாரடைப்பாகவே இருந்தது. எக்காரணத்தாலேனும் இறந்தவர்கள் 55 பேர், அதாவது 6.3 சதவீதம்.

இந்த எண்களைப் பூர்வபக்ஷத்தார் வாசிக்கும் முறை எளிது. இருபதாண்டில் நூற்றுக்கு ஆறு பேரே இறந்தனர். 616 பேருக்கு யாதொரு கேடும் திரும்பவில்லை. எழுபது வயதில் மாரடைப்புக்கு ஆளானவர்களின் கதியோடு இதனை ஒப்பிட்டால் இளமையின் அனுகூலம் பிரத்தியட்சமன்றோ என்பர். ஆராய்ச்சியை நடத்தியவர்களே, தங்கள் கண்டுபிடிப்புக்கு அவ்வளவு சாந்தமான பொருள் கொள்ளாமல், இவ்வியாதி கடுமையானது என்று முடிவு கூறியிருக்கிறார்கள் என்பதை இங்கே நினைவூட்டுவது தகும். ஆயினும் ஆசிரியர் கூற்று என்பதனாலேயே ஒரு முடிவு மெய்யாகிவிடாது. எண்களுக்கே திரும்புவோம். எண்ணூற்றெண்பது பேரும் ஒரே நாளில் வந்து சேர்ந்தவர்களல்லர். பின்னர் வந்தவர்கள் குறைந்த ஆண்டுகளே கவனிக்கப்பட்டிருக்க வேண்டும். ஆகையால் மொத்தத்தொகையை வகுத்துப் பெற்ற சதவீதம், இருபதாண்டு முழுதும் கழிந்த பின் காணக்கூடிய தொகையைக் காட்டிலும் குறைவாகவே இருக்கும், கூடுதலாக இராது. அன்றியும், நாற்பதில் மாரடைப்புக்கு ஆளானவன் இருபதாண்டு கழித்தும் அறுபதையே எட்டியிருப்பான். அவனுடைய ஆயுளை அளக்கவேண்டிய கோல் எழுபது வயது நோயாளியன்று. அவனோடு ஒரே வகுப்பில் படித்து, மாரடைப்பு இன்றி வாழ்கிறவனே.

அத்தகைய ஒப்புமையைச் செய்து பார்த்த ஆராய்ச்சி ஒன்று ஸ்வீடனிலிருந்து 2024இல் வெளிவந்தது. 1991 முதல் 2022 வரை மாரடைப்புக்கு ஆளான 3 லட்சத்து 35 ஆயிரத்துக்கு மேற்பட்டவர்களை, மாரடைப்பு இல்லாத அவர்தம் ஒத்தாரோடு நிறுத்தி, இழந்த ஆயுளைக் கணக்கிட்டனர். 2022ஆம் ஆண்டு நிலவரப்படி, இருதயத்தின் இறைக்கும் திறன் குன்றிப்போன ஐம்பது வயதுப் பெண்ணுக்கு 11.1 ஆண்டும், ஆணுக்கு 9.5 ஆண்டும் இழப்பு. திறன் குன்றாதவர்க்கும் முறையே 5.5, 3.8 ஆண்டுகள் இழப்பு. எண்பது வயதினர் இழப்பது அதில் சிறு பகுதியே. நற்பலன் என்பது யாருக்கு என்ற கேள்வி இங்கே தலைகீழாகிறது: மாரடைப்பால் அதிகம் இழப்பவன் இளையவனே. வருமானம், கல்வி, உடனிருந்த வியாதிகள் ஆகியவற்றின் பங்கைக் கழித்துவிட்டால் இந்த இழப்பு கணிசமாகக் குறைகிறதே என்று சிலர் சொல்லுவர். குறைகிறது, வாஸ்தவம், ஆனால் எந்த நோயாளியும் தன் ஏழ்மையையும் சர்க்கரை வியாதியையும் கழித்துவிட்டு வாழ்வதில்லை.

மரண எண்ணிக்கையைவிட முக்கியமானது, அஃபிஜியில் அதிகம் பேசப்படாத மற்றொரு கணக்கு என்று எண்ணுகிறேன். திரும்ப வந்த மாரடைப்பு தமனியின் எந்த இடத்தில் நிகழ்ந்தது? முன்னர் அடைத்துக்கொண்ட அதே இடத்திலா, அன்றிப் புதிய இடத்திலா? புதிய இடம் 17.3 சதவீதம், பழைய இடம் 7.8 சதவீதம் என்பது அவர்கள் கண்ட விடை. இருதயத்தின் ரத்த நாளங்கள் ஒன்றோடொன்று தொடர்புடைய கிளைகளாயினும், ஒரு கிளை பழுதாகி ஏனையவை ஆஞ்சியோ படத்தில் தெளிவாகத் தோன்றுவதைக் கண்டு, “ஒரே குழாயின் வியாதி” என்று நாம் பெயரிடுகிறோம். அந்தப் படமோ குழாயின் உள்வெளியை மாத்திரம் காட்டுவது. சுவருக்குள் கொழுப்புப் படிவது அதில் தெரியவேண்டும் என்ற நியதி இல்லை. ஒரு வாய்க்காலில் வண்டலை வாரிவிட்டு ஆறு தெளிந்தது என்று சொல்வதற்கு ஒப்பானது அந்த முடிவு. புதிய இடங்களில் வியாதி தலைகாட்டியது என்றால், முதல் மாரடைப்பின் நாளன்றே அது அங்கே வித்தாக இருந்திருக்கலாம், அல்லது அதனைத் தோற்றுவித்த காரணங்கள் அதன் பிறகும் ஓயாமல் வேலை செய்திருக்கலாம். இரண்டும் நற்பலன் கொள்கைக்கு விரோதமே.

அஃபிஜியில் முதலில் சேர்க்கப்பட்டவர்கள் பழைய உலோக ஸ்டென்ட் காலத்தவர், மருந்து பூசிய இக்கால ஸ்டென்ட் பொருத்தப்பட்டவர்க்கு அந்த எண்கள் பொருந்தா என்னும் ஆட்சேபம் பலமாகச் சொல்லப்படுவது. இது தன்னைத்தானே மறுத்துக்கொள்ளும் ஆட்சேபம். மேலான ஸ்டென்ட் தடுக்கக்கூடியது, ஸ்டென்ட் வைத்த இடத்தில் மறுபடியும் குறுகலோ ரத்தக்கட்டியோ உண்டாவதையே. கேடு பெரும்பாலும் வேறிடத்தில் வந்தது என்று ஏற்பட்ட பின்னர், கருவியின் அபிவிருத்தி அதனை எவ்வாறு தடுக்கும்? ஸ்டென்டின் தரம் உயர உயர, புதிய இடத்துக் கேட்டின் விகிதாசாரம் மொத்தத்தில் அதிகரிக்கவே வேண்டும்.

மீண்டும் கேடு நேர்வதோடு மிக நெருங்கிய சம்பந்தம் உடையதாக அவர்கள் கண்டது புகைப்பழக்கத்தைத் தொடர்வது. விடாதவர்க்கு அபாயம் 2.32 மடங்கு. பாஸ்டன் நகரத்து இரு மருத்துவமனைகளில் ஐம்பது வயதுக்குள் முதல் மாரடைப்புக்கு ஆளானவர்களைப் பற்றிய ‘யங்-எம்ஐ’ பதிவேடு 2020இல் இதனை வேறு வழியாக உறுதி செய்தது: 2,072 பேரில் பாதிக்கு மேற்பட்டவர்கள் புகைபிடித்தவர்கள், அவர்களுள் பின்விவரம் தெரிந்த 910 பேரில் ஓராண்டுக்குள் விட்டவர்கள் 343 பேரே. ஏறக்குறையப் பதினொரு ஆண்டுக் கவனிப்பில், விட்டவர்களுடைய மரண விகிதம் விடாதவர்களுடையதில் மூன்றில் ஒரு பங்களவுதான். புகையை விடுகிறவன் மாத்திரையையும் ஒழுங்காக உட்கொள்வான், உடலையும் பேணுவான், ஆகையால் பலன் முழுவதையும் புகையை விட்டதற்கே கொடுக்கலாகாது என்பது நியாயமான எச்சரிக்கை. ஒத்த தன்மையினரைச் சேர்த்துப் பார்த்தபோதும் வேறுபாடு குறையவில்லை என்பதற்கு மேல் அதற்கு நான் விடை சொல்லப்போவதில்லை. என் வாதத்துக்கு வேண்டியது இதுவே: மாரடைப்பு முடிந்துபோன விபத்தாயின், அதற்குப் பின் புகைத்தாலும் விட்டாலும் இத்துணை பேதம் ஏற்படக் காரணம் இல்லை.

இதே பதிவேட்டைச் சேர்ந்த 2018ஆம் ஆண்டு ஆராய்ச்சி, பிழையின் வேர் மாரடைப்புக்கு முன்னரே இருப்பதைக் காட்டுகிறது. ரத்தக் கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மருந்து உட்கொள்ளாதிருந்த 1,475 பேரின் பத்தாண்டு அபாயத்தை, மாரடைப்புக்கு முந்திய நிலையை வைத்து வழக்கமான சூத்திரத்தால் கணித்தபோது, நடுமதிப்பு 4.8 சதவீதமாக வந்தது. அப்பொழுதிருந்த 2013ஆம் ஆண்டு அமெரிக்க வழிகாட்டுதலின்படி அவர்களுள் ஸ்டாட்டினுக்குத் தகுதி பெற்றிருக்கக்கூடியவர்கள் 49 சதவீதத்தினரே. இவர்களில் 83 சதவீதத்தினருக்கு அபாயக் காரணம் ஒன்றேனும் இருந்தது. வயதுக்கு அத்தனை கனம் கொடுக்கும் சூத்திரம் இளமையை ஒரு கவசமாக எண்ணிவிடுகிறது. நற்பலன் கொள்கையும் அதே கவசத்தையே மாரடைப்புக்குப் பின்னும் அணிவிக்கிறது.

நம்மவர்க்கு இது அயலார் விவகாரமன்று. 2007இல் வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆராய்ச்சியின் தெற்காசியப் பகுதி, இந்தியாவும் இலங்கையும் உள்ளிட்ட ஐந்து தேசங்களில் முதல் மாரடைப்பு வரும் சராசரி வயது 53 என்றும், ஏனைய தேசங்களில் 58.8 என்றும் காட்டியது. தமிழ்நாட்டில் சிறு மருத்துவமனைகளைப் பெரியவற்றோடு இணைத்து நடத்திய மாரடைப்புச் சிகிச்சைத் திட்டம், ஓராண்டு மரணத்தை 17.6இலிருந்து 14.2 சதவீதமாகக் குறைத்தது. அது போற்றத்தக்க காரியம். ஆனால் அதன் கோல் ஓராண்டோடு நின்றுவிடுகிறது. இங்கு நான் பேசும் வியாதி அதற்குப் பின்னரே பெரும்பாலும் தலையெடுக்கிறது.

பெண்களைப் பொறுத்தவரையில் என் வாதம் அவ்வளவு தைரியமாக நிற்காது. அஃபிஜியில் அவர்கள் சிறுபான்மை. அன்றியும் இளம்பெண்களின் மாரடைப்பில், கொழுப்புப் படிவு இன்றியே தமனியின் சுவர் தானாகப் பிளவுபடுவது ஒரு முக்கியமான காரணமாதலால், புதிய இடத்துப் படிவு என்ற அனுமானத்தை அங்கே அப்படியே ஏற்றிவிட முடியாது. பாஸ்டன் பதிவேட்டில், மருத்துவமனையிலிருந்து உயிரோடு திரும்பிய பெண்களும் ஆண்களும் இருதயக் காரணத்தால் இறப்பதில் வேறுபடவில்லை. எல்லாக் காரணங்களையும் சேர்த்தாலோ பெண்களின் மரணம் 1.63 மடங்கு. அதே பதிவேட்டின்படி பெண்களுக்கு ஆஞ்சியோவும் ஸ்டாட்டினும் ஆண்களைவிடக் குறைவாகவே வழங்கப்பட்டன. எனினும் இருதய மரணம் சமமாயிருக்கையில், மிகுதியாக இறந்தவர்களுடைய மரணத்தை அந்தக் குறையின்மீது சுமத்துவதும் கடினம். தமனியைப் பற்றிய சித்தாந்தம் எதுவும், பூர்வபக்ஷத்தாருடையதாயினும் என்னுடையதாயினும், அந்த மரணங்களை எட்டுவதில்லை. அவற்றின் காரணத்தை இருதயப் பிரிவின் ஏடுகளுக்கு வெளியேதான் தேடவேண்டியிருக்கும்.