மியூனிக் உடன்படிக்கையும் நிறைவேறாத உத்தரவாதமும்

1938 செப்டம்பர் 30ஆம் நாள் அதிகாலையில் கையெழுத்தான மியூனிக் உடன்படிக்கை, பிரிட்டிஷ் பிரதமர் நெவில் சேம்பர்லினின் துணிவின்மைக்குச் சான்றாகவே பெரும்பாலும் காட்டப்படுகிறது. துணிவின்மை என்னும் ஒரு சொல்லால் அந்நிகழ்வை விளக்கிவிட இயலாது. உடன்படிக்கையின் வாசகத்தை ஊன்றிப் படிப்போர்க்கு, அதன் தோல்வி அவ்வாசகத்திலேயே பொதிந்திருந்தமை புலப்படும்.

பிரிட்டன், பிரான்சு, ஜெர்மனி, இத்தாலி ஆகிய நான்கு நாடுகளின் தலைவர்களே அதில் ஒப்பமிட்டனர். நிலத்தை இழக்கவிருந்த செக்கோஸ்லோவாக்கியாவுக்கு அவையில் இடமில்லை. அதன் பேராளர் இருவர் தங்குவிடுதியில் காத்திருந்து முடிவைப் பெற்றுக்கொண்டனர். அந்நாட்டோடு 1924 முதல் நட்புறவு ஒப்பந்தம் கொண்டிருந்த பிரான்சும் இதற்கு இசைந்தது. 1935இல் அந்நாட்டோடு உடன்படிக்கை செய்திருந்த சோவியத் ஒன்றியமோ அழைக்கப்படவே இல்லை.

சுடேட்டன் பகுதியை ஒப்படைப்பதற்கு உடன்படிக்கை திட்டவட்டமான நாள்களைக் குறித்தது. வெளியேற்றம் அக்டோபர் 1இல் தொடங்கி 10ஆம் நாளுக்குள் முடிய வேண்டும். அரண்கள் உள்ளிட்ட எவ்வமைப்பையும் சிதைக்கலாகாது. இதற்கு ஈடாகச் செக்கோஸ்லோவாக்கியா பெறவிருந்தது புதிய எல்லைகளுக்கான பன்னாட்டு உத்தரவாதம் ஒன்றே. அது உடன்படிக்கையின் உடலில் இடம்பெறாது பின்னிணைப்புக்குத் தள்ளப்பட்டது. போலந்து, ஹங்கேரி சிறுபான்மையினர் சிக்கல் தீர்ந்த பின்னரே ஜெர்மனியும் இத்தாலியும் தம் உத்தரவாதத்தை வழங்கும் என்றிருந்தது. அதற்கு நாள் குறிக்கப்படவில்லை.

அந்நிபந்தனையும் விரைவிலேயே நிறைவேறிவிட்டது எனலாம். அக்டோபர் தொடக்கத்தில் டெஷன் பகுதியைப் போலந்து எடுத்துக்கொண்டது. நவம்பர் 2ஆம் நாள் வியன்னாவில் ஜெர்மனியும் இத்தாலியுமே நடுவராக அமர்ந்து ஹங்கேரியின் பங்கை வரையறுத்தன. ஆயினும் உத்தரவாதம் வரவில்லை. 1939 பிப்ரவரியில் பிரிட்டனும் பிரான்சும் நினைவூட்டியபோது ஜெர்மனி தட்டிக்கழித்தது. நவம்பர் இறுதிக்குள் நடைபெற வேண்டிய பொதுவாக்கெடுப்புகளும் நடைபெறவில்லை.

பிரிட்டன் இத்தகைய வாசகத்திற்கு இணங்கியது ஏன்? இங்கு நம் வட்டாரமும் கணக்கில் வருகிறது. ஜெர்மனி, இத்தாலி, ஜப்பான் ஆகிய மூன்றையும் ஒருசேர எதிர்க்கும் ஆற்றல் தமக்கில்லை என்றும், பகைவரின் எண்ணிக்கையைக் குறைப்பது இன்றியமையாதது என்றும் பிரிட்டிஷ் முப்படைத் தலைவர்கள் 1937இலேயே எச்சரித்திருந்தனர். 1938 பிப்ரவரியில் சிங்கப்பூர்ச் செம்பவாங்கில் பெருங்கப்பல்களுக்கான துறை திறக்கப்பட்டது. ஆனால் அதில் நிற்க வேண்டிய போர்க்கப்பல்கள் ஐரோப்பியக் கடல்களிலிருந்தே வரவேண்டியிருந்தன. இக்கணக்கைப் புறக்கணித்துச் சேம்பர்லினை எள்ளி நகையாடுவது எளிது. அது வரலாற்றாய்வு ஆகாது. எனினும், எதிர்க்கவியலாமை விட்டுக்கொடுத்தலை விளக்குமேயன்றி, ஈடு பெறாமலே விட்டுக்கொடுத்ததை விளக்காது.

1939 மார்ச் 14இல் சுலோவாக்கியா தனிநாடாக அறிவித்துக்கொண்டது. மறுநாள் ஜெர்மானியப் படை பிராகு நகருள் நுழைந்தது. எல்லைக்கு உத்தரவாதம் பெற்ற நாடே மறைந்துவிட்டமையால் தமது கடப்பாடும் முடிந்தது எனச் சேம்பர்லின் அன்றே நாடாளுமன்றத்தில் விளக்கமளித்தார். இரண்டே வாரங்களில், மார்ச் 31இல், போலந்துக்கு எந்த முன்நிபந்தனையுமின்றி உறுதிமொழி அளித்தவரும் அவரே. அதற்குள் செக் எல்லை அரண்களும் பில்சன் நகரின் ஸ்கோடா ஆயுதத் தொழிற்சாலையும் ஜெர்மனியின் கையில் இருந்தன. 1940 மே மாதத்தில் பிரான்சுக்குள் புகுந்த ஜெர்மானியக் கவசப் பிரிவுகள் சிலவற்றில், செக் தொழிற்சாலைகளில் உருவான டாங்கிகளும் அணிவகுத்தன.