காந்த நாடா: பெருங்கணினிகளின் தொடக்ககாலச் சேமிப்பகம்

காந்த நாடா என்பது மெயின்பிரேம் எனப்படும் பெருங்கணினிகளில் தரவுகளைச் சேமிக்கப் பயன்பட்ட ஊடகம் ஆகும். 1951-இல் அமெரிக்காவில் வெளிவந்த யூனிவாக் கணினியில் நிக்கல் பூசிய வெண்கல நாடா ஓடியது. மறு ஆண்டு ஐபிஎம் 726 வந்தது. அது அரை அங்குல அகலப் பிளாஸ்டிக் நாடாவில், அங்குலத்திற்கு 100 எழுத்துகளைப் பதிந்தது. பழைய திரைப்படங்களில் கணினி என்று காட்டப்படும் சுழலும் சக்கரங்கள் இத்தகைய நாடாச் சுருள்களே.

இந்தியாவில் 1964-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் சிடிசி 3600 கணினி நிறுவப்பட்டது. 1973-இல் மேற்கு ஜெர்மனியின் உதவியுடன் சென்னை ஐஐடிக்கு ஐபிஎம் 370/155 வந்தது. (அதே ஆண்டில்தான் எங்கள் தூத்துக்குடியில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் முத்து வளர்ப்பில் வெற்றி கண்டது.)

நாடாவில் தரவு வரிசையாகவே இருக்கும். நடுவிலுள்ள ஒன்று வேண்டுமானால் அதுவரை ஓட்டியே ஆகவேண்டும். நாடா நின்று கிளம்ப, பதிவுகளுக்கிடையே வெற்றிடமும் தேவை. மாணவர்கள் இதைக் கணக்கிட்டுப் பார்க்கலாம். ஒரு துளை அட்டையில் 80 எழுத்துகள். அங்குலத்திற்கு 800 எழுத்து என்றால் அதற்கு 0.1 அங்குலம் போதும். ஆனால் இடைவெளியோ 0.6 அங்குலம்! 2,400 அடிச் சுருளில் ஏறத்தாழ 41,000 அட்டைகளே அடங்கும். பத்து அட்டைகளை ஒரே தொகுதியாக எழுதினால் 1,80,000 அட்டைகள் அடங்கும். நாடா அதேதான், எழுதும் முறைதான் வேறு.

எழுதியதன்மீது தவறுதலாக மீண்டும் எழுதிவிட்டால் பழைய தரவு போய்விடும். அதைத் தடுக்கச் சுருளின் பின்புறம் ஒரு பிளாஸ்டிக் வளையம் வைத்தனர். வளையம் மாட்டினால்தான் எழுத முடியும்; கழற்றினால் படிக்க மட்டுமே முடியும். மேலும், கணக்கைப் புதுப்பிக்கும்போது பழைய நாடாவைத் திருத்தாமல் புதிய நாடாவில் எழுதினர். தாத்தா, அப்பா, மகன் என மூன்று தலைமுறை நாடாக்களைப் பாதுகாத்தனர். மகன் கெட்டால் அப்பாவிலிருந்து மீட்கலாம்.

காந்தத் தட்டுகள் மலிவானதும் அன்றாடப் பணியில் நாடாவின் இடம் சுருங்கியது. காப்புப் படிகளுக்கு இன்றும் நாடா உண்டு. பழைய நாடாக்களின் நிலைதான் கவலைக்குரியது. காந்தத் துகளை ஒட்டவைக்கும் பசை காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பிசுபிசுக்கும். கடற்கரை ஊர்களில் குளிரூட்டப்படாத அலமாரியில் கிடக்கும் சுருளுக்கு இது கூடுதல் ஆபத்து. பசை கெடாமல் தப்பினாலும், அதைப் படிக்கும் இயக்கி இன்று எளிதில் கிடைப்பதில்லை.