டெட் ஆஃப் நைட் (திரைப்படம்)

டெட் ஆஃப் நைட், லண்டன் ஈலிங் ஸ்டூடியோஸ் தயாரித்து 1945இல் வெளிவந்த கறுப்பு வெள்ளைத் திகில் படம். ஐந்து கதைகளும் அவற்றை இணைக்கும் ஒரு கதையும் கொண்ட இதை ஆல்பெர்ட்டோ கவல்காந்தி, சார்லஸ் கிரைட்டன், பேசில் டியர்டன், ராபர்ட் ஹேமர் ஆகிய நால்வர் இயக்கினர். ஆந்தாலஜி எனப்படும் தொகுப்புத் திகில் படங்கள் இதற்கு முன்பே வந்ததுண்டு; ஜெர்மனியில் ரிச்சர்ட் ஓஸ்வால்ட் 1919இலும் பால் லெனி 1924இலும் எடுத்தார்கள். ஆனால் இந்த வகைக்கு இலக்கணம் வகுத்த படம் இதுதான்.

வால்டர் கிரெய்க் என்னும் கட்டடக் கலைஞர் வேலை விஷயமாகக் கிராமத்துப் பண்ணை வீடொன்றுக்கு வருகிறார். அங்கிருக்கும் எல்லோரையும் திரும்பத் திரும்ப வரும் ஒரு கனவில் பார்த்திருப்பதாகச் சொல்கிறார். மனநல மருத்துவர் வான் ஸ்ட்ராட்டன் அதை ஏற்க மறுக்கிறார். அவரை மறுத்துப் பேசும் சாக்கில் மற்றவர்கள் ஆளுக்கொரு அனுபவம் சொல்கிறார்கள். கதைகள் வெறுமனே அடுக்கி வைத்தவையாகத் தோன்றாததற்கு இந்த வாக்குவாதமே காரணம். ஒவ்வொரு கதை முடியும்போதும் மருத்துவரின் பிடி கொஞ்சம் தளர்கிறது.

ஹேமர் இயக்கிய கண்ணாடிக் கதையில் பேய் என்று எதுவும் வருவதில்லை. வருங்கால மனைவி பரிசளித்த பழைய கண்ணாடியில் ஒருவன் தன் அறைக்குப் பதிலாக வேறோர் அறையைக் காண்கிறான். தூண்கள் வைத்த கட்டில், எரியும் கணப்பு. பக்கத்தில் நிற்கும் அவளுக்கு அது தெரிவதில்லை. அவள் கண்ணுக்கும் அந்த அறை தெரியும் கணத்தில் அவன் கைகள் அவள் கழுத்தில் இருக்கின்றன. கவல்காந்தியின் பொம்மைக் கதை இன்னும் புகழ்பெற்றது. உதடு அசையாமல் பொம்மைக்குக் குரல் கொடுக்கும் மேடைக் கலைஞராக மைக்கேல் ரெட்கிரேவ் நடித்தார். தன் பொம்மை ஹ்யூகோ தன்னைவிட்டு இன்னொருவரிடம் போய்விடும் என்ற அச்சம் அவரைக் கொலைவெறிவரை கொண்டுபோகிறது.

எச். ஜி. வெல்ஸ் கதையைத் தழுவிய கோல்ஃப் கதை நகைச்சுவை. பலர் இதைக் குறையாகச் சொல்வார்கள். ஆனால் அடுத்து வருவது பொம்மைக் கதை. அதற்குமுன் பார்வையாளர் மூச்சுவிட இந்த இடைவெளி அவசியம். அமெரிக்க வெளியீட்டில் இதையும் ஐந்தில் இன்னொன்றான கிறிஸ்துமஸ் கதையையும் வெட்டிவிட்டார்கள். அது படத்துக்குச் செய்த அநியாயம். கிரெய்கின் இறுதிக் கொடுங்கனவு முந்தைய கதைகளுக்குள்ளேயே புகுந்து ஓடுவதால், கதைகளைக் குறைத்தால் அதன் வலுவும் குறையும்.

முடிவு தொடக்கத்தில் போய்ச் சேர்கிறது. இந்தச் சுழல் அமைப்பு வானியலாளர்களையும் சிந்திக்க வைத்தது: தாமஸ் கோல்ட், ஹெர்மன் பாண்டி, ஃபிரெட் ஹாயில் மூவரும் 1948இல் முன்வைத்த, அண்டத்துக்குத் தொடக்கமோ முடிவோ இல்லை என்னும் மாறாநிலை அண்டக் கோட்பாட்டுக்கு இந்தப் படம் தூண்டுதலாக இருந்தது.

திகில் ரசிகர்களுக்குத் தொகுப்புப் படம் பிடித்துப்போக முக்கியக் காரணம், அதில் எவரும் தப்பிப் பிழைத்தாக வேண்டிய கட்டாயம் இல்லை என்பது. இருபது நிமிடத்தில் ஒரு கதை ஈவிரக்கமின்றி முடியலாம். எந்தக் கதை சிறந்தது, எது சோடை என்ற விவாதமும் ஓய்வதில்லை. இணைப்புக் கதையில் வரப்போகும் திருப்பத்தை எதிர்பார்த்துக் காத்திருப்பது தனிச் சுகம். தயாரிப்பாளர் மில்டன் சுபாட்ஸ்கி இந்தப் படத்தை முன்மாதிரியாகக் கொண்டார். மேக்ஸ் ரோசன்பெர்குடன் நடத்திய அமிகஸ் நிறுவனத்தின் வழியே 'டாக்டர் டெரர்ஸ் ஹவுஸ் ஆஃப் ஹாரர்ஸ்' (1965), 'டேல்ஸ் ஃப்ரம் தி கிரிப்ட்' (1972) உள்ளிட்ட தொகுப்புப் படங்களை வரிசையாகத் தயாரித்தார். முதல் படத்தில் ரயில் பெட்டியில் சீட்டுக்கட்டை வைத்துக் குறி சொல்பவராக வருகிறார் பீட்டர் குஷிங். கேட்கும் ஐவருக்கும் சீட்டில் விழும் கடைசி விதி ஒன்றே.