ஆபரேஷனுக்குப் பிறகு அந்த மூணு பந்து எதுக்கு?

வயிற்றிலோ நெஞ்சிலோ ஆபரேஷன் முடிந்தவர் கையில், மூன்று பந்துகள் உள்ள பிளாஸ்டிக் கருவியைக் கொடுப்பாங்களே, பார்த்திருக்கீங்களா? அது விளையாட்டுச் சாமான் இல்லை பாஸ்!

நுரையீரலுக்குள் கோடிக்கணக்கான குட்டிக் காற்றுப்பைகள் இருக்கின்றன. தையல் வலிக்குப் பயந்து மேலோட்டமாக மூச்சுவிட்டால், இருமலை அடக்கினால், அடிப்பகுதியில் இருக்கும் பைகள் காற்றில்லாமல் சுருங்கிவிடும். இதன் பெயர் 'ஏட்டெலெக்டேசிஸ்'. அந்தப் பகுதி வழியே ஓடும் ரத்தத்துக்கு ஆக்சிஜன் கிடைக்காது; மூச்சு வாங்கும்.

பலரும் செய்கிற தப்பு, கருவியை ஊதுவது. ஊதாதீங்க, மெதுவாக உள்ளே இழுங்க. பந்தைச் சில விநாடிகள் மேலேயே நிறுத்திவிட்டு மூச்சை விடுங்க. இருமும்போது தையல்மேல் தலையணையை அணைத்துக்கொள்ளுங்க. டாக்டர் சொன்னதும் எழுந்து நடங்க. திடீரென மூச்சுத் திணறினாலோ, உதடு நீலமானாலோ உடனே நர்ஸைக் கூப்பிடுங்க!