பெயர் பெற்ற டைரக்டர்களின் பெயர் பெறாத படங்கள்

ஒரு டைரக்டரின் பெயரைச் சொன்னவுடன் நம் நினைவுக்கு வருவன அவர் எடுத்த இரண்டு மூன்று படங்களே. கே. ராம்நாத் என்றால் ‘ஏழை படும் பாடு’. ஸ்ரீதர் என்றால் ‘கல்யாண பரிசு’. பாரதிராஜா என்றால் ‘16 வயதினிலே’. அவர்கள் எடுத்த மற்றப் படங்கள் எங்கே போயின? அவையும் அதே கைகளால் உருவானவை. அதே உழைப்பில் பிறந்தவை. வசூலிலோ கலைத்திறத்திலோ ஒரு படி தாழ்ந்தமையால் வரலாற்று நூல்களில் ஒரு வரி இடமும் பெறாது நின்றுவிட்டன. அவற்றுள் சிலவற்றை எடுத்துப் பேசுவதே இக்கட்டுரையின் நோக்கமாகும். எழுதுபவன் ஆராய்ச்சியாளன் அல்லன், நெடுநாளைய ரசிகன். ஆகவே ஈண்டுக் காணும் ஆண்டுகளும் பெயர்களும் வரலாறு. தீர்ப்புகள் மட்டும் ரசிகனுடையவை. கருத்து மாறுபடுவோர் ஆண்டு விழா முடிந்தபின் தேநீர் வேளையில் தாராளமாக வாதிடலாம்.

எல்லைப்புறத் தமிழராகிய நமக்கு இப்பொருளில் ஒரு தனி உரிமை உண்டு. 1956 நவம்பர் முதல் நாள்வரை பாலக்காடு, சென்னை ராஜ்யத்து மலபார் மாவட்டத்தைச் சேர்ந்திருந்தது. தேவிகுளமும் பீருமேடும் திருவிதாங்கூர்–கொச்சியைச் சேர்ந்திருந்தன. அன்று கேரளம் பிறந்தது. எல்லைக்கோடு புதிதாய் விழுந்தது. ஆனால் படப்பெட்டிக்கு அந்தக் கோடு தெரியவில்லை. வாளையாறு வழியாகவும், கோவிந்தாபுரம் வழியாகவும், போடிமெட்டு ஏறியும், குமுளி கடந்தும் தமிழ்ப் படங்கள் வந்துகொண்டேயிருந்தன. ஒரே கொட்டகையில் இந்த வாரம் தமிழும் அடுத்த வாரம் மலையாளமும் ஓடின. இரண்டையும் பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஒரு டைரக்டர் ஒரு மொழியில் நிமிர்ந்து நிற்பதையும், கணவாயைக் கடந்து மறுமொழிக்குச் சென்றதும் உயரம் குறைந்து தோன்றுவதையும் சென்னைவாசிகள் அறியுமுன்னே நாம் அறிந்தோம்.

இதற்குச் சிறந்த சான்று நம் பாலக்காட்டில் 1931-ஆம் ஆண்டு பிறந்த கே. எஸ். சேதுமாதவன். அவர் திரையுலகில் புகுந்தது கே. ராம்நாத்திடம் உதவியாளராக. ராம்நாத் திருவனந்தபுரத்தில் பிறந்து தமிழ்த் திரையில் பெயர் நாட்டியவர். பிரெஞ்சு ஆசிரியர் விக்தர் ஹியூகோவின் பெருங்கதையை 1950-இல் ‘ஏழை படும் பாடு’ ஆக்கியவர் அவரே. அதில் போலீஸ் அதிகாரி ஜாவராக நடித்த சீதாராமனுக்கு அப்பாத்திரத்தின் பெயரே வாழ்நாள் முழுதும் முன்னொட்டாய் நின்றுவிட்டது. அடுத்த ஆண்டு வந்த ‘மர்மயோகி’யையும் எல்லோரும் அறிவர். 1952-இல் அவரே எடுத்த ‘தாயுள்ளம்’ படத்தை எத்தனை பேர் அறிவர்? ஓர் ஆங்கில நாவலைத் தழுவிய குடும்பக் கதை அது. ஆர். எஸ். மனோகர் கதாநாயகன்; ஜெமினி கணேசன் வில்லன்! பிற்காலத்தில் இருவரும் பாத்திரம் மாற்றிக்கொண்டதை நினைத்தால் நகைப்பு வரும். கண்ணீர் சற்று மிகுதி என்பது என் கருத்து. ஆயினும் முகத்தை வைத்து மட்டும் நல்லவன் கெட்டவன் என்று முடிவு கட்டும் பழக்கம் தமிழ்த் திரையில் வேரூன்றுமுன், ராம்நாத் அதனைப் பொருட்படுத்தாது நடிகரைத் தேர்ந்தெடுத்தார் என்பதற்கு அப்படமே சான்று. ‘ஏழை படும் பாடு’ மட்டும் பார்த்தவர்களுக்கு இச்செய்தி கிட்டாது. 1956-இல் ராம்நாத் மறைந்தார். கேரளத்தில் பிறந்து தமிழில் புகழ் பெற்றவர் குரு. அவருடைய மாணவருக்கோ புகழ் மலையாளத்தில் வாய்த்தது.

சேதுமாதவன் மலையாளத்தில் செய்தவை சிறியன அல்ல. கேசவதேவின் நாவலை ‘ஓடையில் நின்னு’ என 1965-இல் படமாக்கினார்; ரிக்ஷாக்காரன் பப்புவாகச் சத்தியன் வாழ்ந்து காட்டினார். தகழியின் கதையைக் கொண்டு 1971-இல் ‘அனுபவங்கள் பாளிச்சகள்’ தந்தார். இலக்கியத்தை மதித்துப் படமெடுப்பவர் என்ற பெயர் அவருக்கு நிலைத்தது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. ‘ஓடையில் நின்னு’ கதை தமிழுக்கு 1971-இல் ‘பாபு’ என்னும் பெயரில், சிவாஜி கணேசன் நடிப்பில் வந்தது. அதனை எடுத்தவர் ஏ. சி. திருலோகசந்தர். தமது நல்ல படம் வேறொருவர் கையால் தமிழுக்கு வர, சேதுமாதவன் தமக்கெனத் தமிழில் எடுத்தவை எவை? 1970-இல் நாகேஷைக் கதாநாயகனாக்கி ‘கல்யாண ஊர்வலம்’. 1975-இல் ‘நாளை நமதே’.

‘நாளை நமதே’ தோல்விப் படம் அன்று. எம். ஜி. ஆர். இரு வேடத்தில் தோன்றிய படம் எவ்வாறு தோற்கும்? இந்தியில் 1973-இல் வெளிவந்த ‘யாதோங் கி பாராத்’ படத்தின் தமிழ் வடிவம் அது. குழந்தைப் பருவத்தில் பிரிந்த மூன்று சகோதரர் ஒரு குடும்பப் பாட்டினால் மீண்டும் சேர்கின்றனர். நம்மவர் கவனிக்க வேண்டியது வேறொன்று. அப்படத்தின் டைரக்டர் பாலக்காட்டில் பிறந்தவர். இசையமைத்த எம். எஸ். விஸ்வநாதன் எலப்புள்ளியில் பிறந்தவர். கதாநாயகரின் தாயார் சத்தியபாமாவின் இல்லம் பாலக்காட்டுச் சீமையின் வடவன்னூரில் இருந்தது. மூவர் வேரும் நம் மண்ணில்! எனினும் படத்தில் பாலக்காட்டுக் காற்று ஒரு சிறிதேனும் வீசவில்லை. பனைமரம் ஒன்றுகூட நம்மைப் பார்த்துத் தலையசைக்கவில்லை. வடக்கேயிருந்து வந்த கதை, கதாநாயகரின் அளவுக்குத் தைக்கப்பட்ட சட்டை. குடும்பம் ஒன்றாயிருக்கும் தொடக்கப் பகுதியில் மட்டும் சேதுமாதவனின் கை தெரிகிறது. தாய் முகத்தையும் பிள்ளைகள் முகத்தையும் அவசரமின்றிக் காட்டுகிறார். அதன்பின் அவர் ஒதுங்கி நின்று, வாத்தியாருக்கு வழி விடுகிறார். அன்று நம் இளைஞர்கள் விசிலடித்துப் பார்த்தார்கள். யானும் அவர்களுள் ஒருவன். ரசித்தது தவறன்று. ஆனால் அது எம். ஜி. ஆர். படம், சேதுமாதவன் படமன்று.

இதனை டைரக்டரின் சோர்வு என்று தள்ளிவிட இயலாது. அதே 1975-இல் தம்முடைய மலையாளப் படமான ‘சட்டக்காரி’யை அவரே இந்தியில் ‘ஜூலி’ ஆக்கினார். அது வடநாடெங்கும் பேசப்பட்டது. ஆகவே திறமை வற்றவில்லை. தமிழில் அவருக்கு அன்று கிடைத்த இடம் அவ்வளவே. நட்சத்திரத்தின் படத்தில் டைரக்டர் வேலைக்கமர்ந்தவராய் இருந்த காலம் அது. பிறமொழியில் பெயர் பெற்றவரை அழைப்பார்கள்; அவர் பெயர் பெற்ற காரணத்தை மட்டும் வாசலிலேயே விட்டுவரச் சொல்வார்கள். பிழைப்புக்காகக் கணவாய் கடந்த நம்மில் பலருக்கும் இது புதிய அனுபவமன்று.

பதினைந்து ஆண்டுகள் சென்றபின் காட்சி மாறியது. இந்திரா பார்த்தசாரதியின் ‘உச்சி வெயில்’ கதையைக் கொண்டு சேதுமாதவன் 1990-இல் ‘மறுபக்கம்’ எடுத்தார். சிவகுமாரும் ஜெயபாரதியும் நடித்த, ஆரவாரமற்ற படம். அவ்வாண்டின் சிறந்த இந்தியப் படத்திற்கான தங்கத் தாமரை அதற்குக் கிடைத்தது. தமிழுக்கு அப்பெருமை கிடைத்தது அதுவே முதன்முறை. தமிழ்த் திரைக்கு முதல் தங்கத் தாமரையைக் கொணர்ந்தவர் பாலக்காட்டவர் என்பதை நம் பிள்ளைகளுள் எத்தனை பேர் அறிவர்? 2021 டிசம்பரில் அவர் மறைந்தபோது பலரும் ‘மறுபக்கம்’ ஒன்றையே குறிப்பிட்டனர். ‘நாளை நமதே’யையும் உடன் வைத்துப் பார்த்தால்தான் அந்தப் பதினைந்து ஆண்டுகளின் தூரம் விளங்கும்.

இதுவரை கூறியது, வெற்றி பெற்றும் டைரக்டருக்குச் சிறியதாய் அமைந்த படத்தின் கதை. நேர் எதிரான கதையும் உண்டு. 1964-ஆம் ஆண்டில் ஸ்ரீதர் இரண்டு படங்களைத் தந்தார். முதலாவது ‘காதலிக்க நேரமில்லை’. வண்ணத்தில் வந்த அந்த நகைச்சுவைச் சித்திரம் இன்றும் முதியோரையும் சிறுவரையும் ஒருங்கே சிரிக்க வைக்கிறது. மற்றையது ‘கலைக்கோவில்’. வீணைக் கலைஞன் ஒருவனின் உயர்வும் தாழ்வும் அதன் பொருள், முத்துராமன் நாயகன். திரைக்குப் பின்னால் வீணை மீட்டியவர் சிட்டிபாபு, பாலமுரளிகிருஷ்ணாவும் பாடினார். தயாரிப்பில் நம் எலப்புள்ளி விஸ்வநாதன் தாமே பங்கு கொண்டார். படம் ஓடவில்லை.

ஏன் ஓடவில்லை? சில மாதங்களுக்கு முன் வயிறு குலுங்கச் சிரித்துச் சென்ற ரசிகர், அதே டைரக்டரின் பெயரைக் கண்டு மீண்டும் சிரிக்க வந்தார். வீணையும் வேதனையும் எதிர்கொண்டன. கதை நடுவில் தளர்வதும் உண்மையே; இசை சொல்லி முடித்ததை வசனம் மீண்டும் சொல்கிறது. ஆயினும் என் எண்ணத்தில் ‘கலைக்கோவில்’ ஸ்ரீதரின் குறைபட்ட படங்களுள் மிகவும் நேர்மையானது. வெற்றி கைக்கு வந்த அவ்வாண்டிலேயே, அவ்வெற்றியை மறுபடி அச்சடிக்காமல் வேறு திசையில் நடந்தாரே, அத்துணிவு ‘காதலிக்க நேரமில்லை’ படத்தில் காணக் கிடைப்பதன்று. இசையமைப்பாளர் தம் பொருளையும் அதில் இட்டது, அக்கலையின்மேல் அவருக்கிருந்த பற்றைக் காட்டும்.

இடையில் ஒன்று கூறலாம். உண்மையிலேயே வீணை வித்துவானாய் விளங்கிய எஸ். பாலசந்தர் 1954-இல் எடுத்த ‘அந்த நாள்’ படத்தில் ஒரு பாட்டும் இல்லை. வித்துவான் பாட்டில்லாப் படமெடுத்தார். வித்துவானல்லாதவர் வீணைப் படமெடுத்தார். பாலசந்தரின் ‘பொம்மை’ வந்ததும் அதே 1964-இல்தான். அதன் முடிவில் நடிகரையும் தொழில் நுட்பக் கலைஞரையும் திரையில் நேரே நிறுத்தி அறிமுகம் செய்து வைத்தார். அவ்வளவு மரியாதையை அதன்பின் வந்த படங்களில் நான் அதிகம் கண்டதில்லை.

இனி இடுக்கிப் பக்கம் வருவோம். போடிமெட்டிலிருந்து இறங்கினால் தேனி. அதன் அல்லிநகரம் பாரதிராஜாவின் ஊர். 1977-இல் ‘16 வயதினிலே’ தொடங்கித் தொடர்ந்து வெற்றி கண்டவர், 1980 நவம்பர் 6, தீபாவளியன்று ‘நிழல்கள்’ படத்தை வெளியிட்டார். வேலையின்றி வாடும் நகரத்து இளைஞர் கதை, எழுதியவர் மணிவண்ணன். அன்றே கே. பாலசந்தரின் ‘வறுமையின் நிறம் சிவப்பு’ படமும் வெளிவந்தது. அதன் பொருளும் வேலையின்மையே! ஒன்று வென்றது, ஒன்று வீழ்ந்தது. பாலசந்தர் பசியை நகைச்சுவையோடு கலந்து கொடுத்தார். முடிவில் ஒரு வாசலையும் திறந்து வைத்தார். பாரதிராஜா வாசலைத் திறக்கவில்லை. பாத்திரங்கள் சிதறுகின்றன, கதை ஒரு நூலில் கோக்கப்படவில்லை என்னும் குறையை நானும் ஒப்புக்கொள்வேன். ஆனால் படித்துவிட்டு வேலைக்கு அலைந்த பிள்ளைகள் நிறைந்த வீடுகளுக்கு ‘நிழல்கள்’ அந்நியமானதன்று. பட்டம் பெற்ற மகனை லயத்து வாசலில் கண்ட தாய்மார் அப்படத்தின் முடிவை மிகை என்று கூறமாட்டார்கள். ரவி என்னும் நடிகருக்குப் படத்தின் பெயரே பெயராயிற்று. பாட்டெழுத வந்த வைரமுத்துவுக்கும் அதுவே முதல் படம். இளையராஜாவின் பாட்டுகளை இலங்கை வானொலி இம்மலைகளிலெல்லாம் பரப்பியது. படத்தைப் பாராதவரும் பாட்டைப் பாடினர். 1982-இல் அவரே எடுத்துத் தோல்வியுற்ற ‘காதல் ஓவியம்’ படத்திற்கும் இதே கதிதான்: ஓவியம் மறைந்தது, ஓசை நின்றது.

கணவாயை மறுபுறமாகக் கடந்தவரும் உண்டு. மணிரத்னத்தின் இரண்டாவது படம் தமிழன்று. 1984-இல் வெளிவந்த மலையாளப் படமான ‘உணரூ’. தாமோதரன் எழுத, மோகன்லால் நடித்த அது, தொழிற்சங்க அரசியலைப் பொருளாகக் கொண்டது. ‘மௌன ராகம்’, ‘நாயகன்’ பார்த்துவிட்டு இதனைப் பார்ப்பவர் ஏமாற்றம் அடைவர்; மேடைப்பேச்சு மிகுதி, மௌனம் குறைவு. எனக்கு அப்படம் வேறொரு காரணத்தால் முக்கியமாகிறது. சங்கம், கொடி, வேலைநிறுத்தம், சங்கங்களுக்குள் பூசல் ஆகியவை தோட்டத்து மக்களின் வீட்டுப் பேச்சு. அதனைச் சென்னையிலிருந்து வந்த தமிழ் இளைஞர் ஒருவர் மலையாளத்தில் சொல்ல முயன்றார்; மொழி அவர் கையில் முழுதாய் வசப்படவில்லை. சேதுமாதவனுக்குத் தமிழில் நேர்ந்தது மணிரத்னத்திற்கு மலையாளத்தில் நேர்ந்தது எனலாமா? முற்றிலும் ஒன்றல்ல. முன்னவர் தேர்ந்தபின் தம்மைச் சுருக்கிக் கொண்டார். பின்னவர் தேருமுன் அகலக் கால் வைத்தார்.

இத்தகைய படங்களுக்கு நேரும் உண்மையான ஆபத்து, விமர்சகர் வாயில் விழுவதன்று; பிரதியே இல்லாது போவதுதான். 1931-இல் வந்த முதல் தமிழ்ப் பேசும் படமான ‘காளிதாஸ்’ படத்தின் பிரதியே கிடைத்திலது. புனாவில் தேசியத் திரைப்படக் காப்பகம் தோன்றியது 1964-இல். அதற்கு முன் அழிந்தவை அழிந்தவையே. வெற்றிப் படத்திற்குப் புதுப் பிரதி எடுக்க ஆளுண்டு. ‘தாயுள்ளம்’, ‘கலைக்கோவில்’ போன்றவற்றுக்கு யார் செலவு செய்வார்? அவற்றின் சுவடு பலவேளை கொட்டகை வாசலில் விற்ற பாட்டுப் புத்தகங்களிலேயே எஞ்சுகிறது. கதையைப் பாதி சொல்லி, மீதியை வெள்ளித்திரையில் காணச் சொல்லும் அந்த மெலிந்த புத்தகங்கள் நம் காலனி வீடுகளில் தகரப் பெட்டிகளின் அடியில், பழைய ரேஷன் அட்டைகளோடும் திருமண அழைப்புகளோடும் இன்னும் கிடக்கக்கூடும். வைத்திருப்போர் பழைய தாளுக்குப் போடாமல் சங்க நூலகத்தில் ஒருமுறை காட்டினால், படம் பிடித்து வைத்துக்கொண்டு புத்தகத்தைத் திருப்பித் தருவோம். ‘கல்யாண ஊர்வலம்’ வைத்திருப்பவர் எவரேனும் இருந்தால் முதலில் வரவும்.