குடவோலையும் கழுத்து நெறியும்

உத்திரமேரூர் என்றாலே குடவோலைதான். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தகன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921. தகுதியுள்ளவர்களின் பெயரை ஓலையில் எழுதி, குடத்தில் போட்டுக் குலுக்கி, விவரம் அறியாத சிறுவன் ஒருவனை எடுக்கச் சொல்வார்கள். நிணநீர் அணுக்களில் வரும் புற்றுநோயை மரபணு வழியாகக் கண்டுபிடிக்கும் கதையை எனக்குப் புரியவைத்தது இந்தக் குடம்தான்.

நம்ம உடம்புக்குள்ளும் ஒரு குலுக்கல் நடக்கிறது. பி லிம்போசைட் என்ற வெள்ளை அணு உருவாகும்போது, மூன்று மரபணுக் குவியல்களிலிருந்து ஆளுக்கொன்றாகத் துண்டு எடுத்து ஒட்டிக்கொள்கிறது. அதனால் அணுவுக்கு அணு ஒட்டு வேறு. மரபணு இப்படி இடம் மாறுவதை 1976-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் காட்டியவர் சுசுமு டோனகாவா. 1987-ல் நோபல் பரிசு.

இப்போ யோசிச்சுப் பாருங்க. குடத்தில் கைவிடும்போதெல்லாம் ஒரே பெயர் வந்தால்? யாரோ ஒரே ஓலையை நகலெடுத்து நிரப்பியிருக்கிறார்கள் என்றுதானே அர்த்தம்! கழுத்தில் நெறி கட்டினால் காசநோயா, வேறு தொற்றா, லிம்போமாவா என்ற சந்தேகம் வரும். தொற்று என்றால் பலவகை அணுக்கள் பெருகும். லிம்போமா என்றால் ஒரே அணுவின் வாரிசுகள். எல்லாவற்றிலும் ஒரே ஒட்டு.

1980-களின் தொடக்கத்தில் இதை சதர்ன் பிளாட் முறையில் பார்த்தார்கள். நிறைய டிஎன்ஏ வேணும், கெடாத திசு வேணும், பல நாள் ஆகும். 1983-ல் கேரி மல்லிஸ் கண்டுபிடித்த பிசிஆர் இதை மாற்றியது. துளி டிஎன்ஏ போதும். பயாப்ஸி எடுத்து மெழுகில் பதித்த திசுக்கட்டியிலேயே பார்க்கலாம். 2003-ல் ஐரோப்பிய ஆய்வகங்கள் கூடி பயோமெட்-2 என்ற பொதுமுறையை வெளியிட்டன.

கிராமத்து நோயாளிக்கு இந்த வரலாற்றில் பெரிய திருப்பம் அந்த மெழுகுக் கட்டிதான் என்பேன். உத்திரமேரூர்க்காரர் காஞ்சிபுரம் காரப்பேட்டை அண்ணா புற்றுநோய் மருத்துவமனைக்குப் போனாலும், சென்னை அடையாறுக்குப் போனாலும், ஒருமுறை எடுத்த திசு எந்த ஆய்வகத்துக்கும் பயணம் போகும். கட்டியில் திசு மிச்சமிருந்தால் மறுபடி கத்தி வைக்க வேண்டியதில்லை.

ஒன்று சொல்லணும். ஒரே ஓலை வந்தாலே புற்றுநோய் என்று தீர்ப்பெழுத முடியாது. சில தொற்றுகளிலும் அப்படி வரும். நுண்ணோக்கியில் பார்த்த மருத்துவரின் கருத்தோடு சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

காசநோய் மருந்துக்கும் வத்தாத நெறி என்றால், பயாப்ஸி பார்க்கணுமா என்று மருத்துவரிடம் கேளுங்கள். எடுத்திருந்தால் அந்த மெழுகுக் கட்டி எங்கே இருக்கிறது என்று விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.