ஒரு வாட் வானொலி



வானொலியின் வரலாற்றை மாணவர்களுக்குக் கற்பிக்கும்போது மார்க்கோனியின் பெயரைச் சொல்கிறோம். பெரிய நிலையங்களின் தொடக்க விழாக்களைச் சொல்கிறோம். வீட்டுக் கூடத்தில் இருந்துகொண்டு, ஒரே ஒரு வாட் ஆற்றலில், உரிமமின்றிப் பேசியவர்களும் அவ்வரலாற்றில் உள்ளனர். அவர்களைப் பற்றியதே இக்கட்டுரை.

அமெரிக்காவின் இலினாய் மாநிலத் தலைநகரம் ஸ்பிரிங்ஃபீல்ட். ஆபிரகாம் லிங்கன் அதிபராவதற்கு முன் வாழ்ந்த ஊர். அடிமைத்தளையை அறுத்த தலைவரின் அந்த ஊரிலேயே 1908ஆம் ஆண்டில் கறுப்பின மக்களுக்கு எதிராகப் பெருங்கலவரம் மூண்டது. எண்பது ஆண்டுகள் கழிந்த பின்னும் அம்மக்களின் குறைகளை எடுத்துரைக்கும் வானொலி அங்கு இல்லை. ஜான் ஹே ஹோம்ஸ் என்னும் வீடமைப்புப் பகுதியில் வறிய கறுப்பினக் குடும்பங்கள் நெருக்கமாக வாழ்ந்து வந்தன. அங்கு குடியிருந்த எம்பானா கன்டாக்கோ பார்வையற்றவர். அச்சிட்ட துண்டறிக்கையைவிடக் காதில் விழும் சொல்லே தம் மக்களைச் சென்றடையும் என அவர் உணர்ந்தார். 1987ஆம் ஆண்டு நவம்பரில், சில நூறு டாலர் பெறுமானமுள்ள கருவிகளைக் கொண்டு தம் வீட்டிலிருந்தே ஒலிபரப்பைத் தொடங்கினார்.

அதன் ஆற்றல் ஒரு வாட். ஒரு சிறு கைவிளக்கை எரிக்கும் ஆற்றல்தான் அது. ஆயினும் பண்பலையில் அவ்வொலி இரண்டு மூன்று கிலோமீட்டர் தொலைவு சென்றது. வீடுகள் நெருங்கியிருந்த அவ்விடத்திற்கு அது போதுமானதாக இருந்தது. இசையும் செய்தியும் ஒலித்தன, நூல்கள் வாசிக்கப்பட்டன. காவல்துறையினரால் துன்புற்றதாகக் கூறிய குடியிருப்பாளர்கள் தம் அனுபவத்தைத் தம் வாயாலேயே எடுத்துரைத்தனர். கன்டாக்கோவின் குடும்பத்தினரும் ஒலிபரப்பில் பங்கெடுத்தனர்.

உரிமம் பெற்றே நடத்தியிருக்கலாமே என்னும் வினா எழும். பெற இயலாது என்பதே விடை. முன்னர் அந்நாட்டில் கல்வி நிலையங்கள் பத்து வாட் வானொலிக்கு உரிமம் பெற முடிந்தது. 1978ஆம் ஆண்டில் கூட்டரசுத் தகவல் தொடர்பு ஆணையம் அவ்வழியை அடைத்தது. அதன்பின் குறைந்த அளவே 100 வாட் என்றாயிற்று. அதற்கான கருவி, கோபுரம், பொறியாளர் ஊதியம், விண்ணப்பச் செலவு ஆகியவை ஏழைக் குடியிருப்புக்கு எட்டாதவை. உரிமமின்றி அனுமதிக்கப்பட்ட ஒலிபரப்போ ஏறத்தாழ 60 மீட்டரைத் தாண்டாது.

ஆணையத்தின் அச்சத்திலும் நியாயம் உண்டு. பண்பலை வரிசை 88 முதல் 108 மெகாஹெர்ட்ஸ் வரை நீள்கிறது. 108க்கு மேல் விமானங்களை வழிநடத்தும் அலைகள் தொடங்குகின்றன. வடிகட்டி சரியாக அமையாத ஒலிபரப்பி தன் எல்லை கடந்து பிற அலைகளையும் கலக்கும். ஆனால் அத்தகைய தொழில்நுட்பக் குறையைக் களைவது எளிது. வானலையில் இடம் யாருக்கு என்பதே மிஞ்சிய வினா.

1989ஆம் ஆண்டில் ஆணையம் கன்டாக்கோவுக்கு 750 டாலர் அபராதம் விதித்தது. அவர் சில நாள் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்கினார். செய்தி நாடெங்கும் பரவியது. 1993இல் கலிபோர்னியாவின் பெர்க்லி நகரில் ஸ்டீபன் டனிஃபர் என்பவர் ஒலிபரப்பியைச் சுமந்துகொண்டு குன்றேறி ஒலிபரப்பினார். பிறருக்கும் கருவி செய்யக் கற்பித்தார். அவரைத் தடுக்குமாறு ஆணையம் கோரியபோது, 1995இல் நீதிமன்றம் உடனடித் தடை விதிக்க மறுத்தது. 1998இல்தான் தடை வந்தது. அதற்குள் பல ஊர்களில் இத்தகைய நிலையங்கள் முளைத்துவிட்டன.

2000ஆம் ஆண்டு ஜனவரியில் ஆணையம் தன் நிலையை மாற்றிக்கொண்டது. பள்ளிகள், வழிபாட்டு மன்றங்கள், சமூக அமைப்புகள் ஆகியவை இலாப நோக்கின்றி நடத்துவதற்கென 100 வாட் வரையிலான குறையாற்றல் வானொலி என்னும் புதிய உரிம வகையை உருவாக்கியது. பெரிய நிலையங்கள் எதிர்த்தன. அவ்வாண்டு டிசம்பரில் நாடாளுமன்றம், அலைவரிசைகளுக்கிடையே கூடுதல் இடைவெளி வேண்டுமெனச் சட்டமியற்றியதால் பெருநகரங்களில் பெரும்பாலும் இடமே இல்லாமற்போனது. 2003இல் வெளிவந்த ஆய்வு, அவ்விடைவெளி தேவையற்றது எனக் காட்டியது. 2011ஆம் ஆண்டு ஜனவரியில்தான் அத்தடை நீங்கியது.

2000ஆம் ஆண்டுச் சட்டத்தில் மற்றொரு விதியும் இருந்தது: உரிமமின்றி ஒலிபரப்பியவர்களுக்குப் புதிய உரிமம் கிடையாது. கதவைத் தட்டியவர்களின் கைகளாலேயே கதவு திறந்தது. உள்ளே நுழையும் தகுதி மட்டும் அவர்களுக்கு மறுக்கப்பட்டது. அதே 2000ஆம் ஆண்டில் கன்டாக்கோவின் கருவிகளும் பறிமுதலாயின. இன்று அந்நாட்டில் குறையாற்றல் வானொலி நடத்தும் பள்ளிகளுள் எத்தனை அவர் பெயரை மாணவர்களுக்குக் கூறும்?

நம் நாட்டிலும் உரிமமின்றி ஒலிபரப்புவது சட்டப்படி குற்றம். ஆகவே எவரையும் ஒலிபரப்பி செய்யுமாறு தூண்டுவது என் நோக்கமன்று. ஆனால் நம் பள்ளிகளில் ஒலிபெருக்கி இருக்கிறது. அதற்கு எந்த உரிமமும் தேவையில்லை. பெரும்பாலும் சபைகூடலில் அறிவிப்புகளைக் கேட்க மட்டுமே மாணவர்கள் அதன் முன் நிற்கின்றனர். வாரம் பத்து நிமிடம் அதனை அவர்களிடமே ஒப்படைக்கலாம். பேச்சுப் போட்டியில் வென்ற மாணவருக்கு ஏற்கெனவே மேடை உண்டு. வகுப்பின் கடைசி வரிசையில் அமர்ந்திருப்பவருக்கே முதல் வாய்ப்பைத் தருவோம். அவர் தம் தமிழில், தம் வீட்டையும் தெருவையும் பற்றிப் பேசட்டும். பெற்றோரும் ஒரு நாள் வந்து கேட்கட்டும்.